உங்கள் கேள்வி, ஈ.ஓ. பதில்: தகரம் அடித்த நாட்கள்

சென்ற இதழில் சொத்து வரி பற்றி எழுதும்போது, கொரோனா ஊரடங்கு காலத்தில் ஒரு பேரூராட்சியில் செயல் அலுவலராக (ஈ.ஓ.) இருந்தேன் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். சொத்து வரியை யாரும் கண்டுகொள்ளவில்லை. அந்த ஒரு வரிக்குக் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே.

2020-ல் எங்கள் ஊர் எல்லையில் முள்ளை வெட்டிப் போட்டு, 'வெளியூரார் வரக்கூடாது' என்று பலகை வைத்தார்கள். ஊராட்சிக்கு அந்த அதிகாரம் உண்டா?
- கல்லூரி மாணவர், மன்னார்குடி

இல்லை தம்பி. அன்று கையில் எடுத்த சட்டங்கள் இரண்டு. ஒன்று 1897-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம். பம்பாயில் பிளேக் பரவியபோது வெள்ளைக்காரன் போட்டது, மொத்தமே நான்கு பிரிவு. அதில் அதிகாரம் அரசுக்குத்தான். இன்னொன்று 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். அதில் ஒரு பகுதிக்குள் வண்டி போகலாமா, கூடாதா என்று சொல்லும் அதிகாரம் மாவட்ட அளவில் இருக்கிறது, அதாவது ஆட்சியர் தலைமையில். ஊர்க்கூட்டம் போட்டு ரோட்டை மூட எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

ஆனால் அந்த ஊர்க்காரர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பயம்தான். வேப்பிலைத் தோரணம் கட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, அதற்குப் பக்கத்திலேயே முள்ளையும் போட்டார்கள். எங்களுக்கு அடுத்த கிராமத்தில் இப்படி அடைத்ததால் ஒரு நிறைமாதப் பெண்ணை ஏற்றிவந்த வண்டி ஊரைச் சுற்றிக்கொண்டு போனது. அன்று இரவே வி.ஏ.ஓ.வும் நானும் கவைக்கோல் எடுத்துப்போய் முள்ளை இழுத்துப் போட்டோம். காலையில் பார்த்தால் திரும்பவும் அடைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் ஒரு வழிக்கு வந்தோம். முள் இருக்கலாம், ஆனால் ஒரு ஆள் ராத்திரி பகலாக அங்கேயே உட்கார்ந்து ஆம்புலன்ஸ், பால், காய்கறி வண்டிக்கு எடுத்துவிட வேண்டும். சட்டப்படி அதுவும் தப்புதான். அன்றைக்கு அவ்வளவுதான் நடந்தது.

எங்கள் வீட்டு வாசலில் தகரம் அடித்து நோட்டீஸ் ஒட்டினார்கள். நோய் போய்விட்டது, பேச்சு இன்னும் போகவில்லை. அது சரியா ஐயா?
- இல்லத்தரசி, பரமக்குடி

அம்மா, தகரம் அடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். அதனால் இதற்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்கிறேன்.

நோட்டீஸைப் பொறுத்தவரை 2020 டிசம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி உரிய அதிகாரி குறிப்பாக உத்தரவு போட்டாலொழிய, நோயாளி வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டக்கூடாது. மத்திய அரசே, நாங்கள் அப்படி ஒட்டச் சொல்லவில்லை என்றுதான் அங்கே சொன்னது. அதற்குள் நாங்கள் எத்தனை வாசலில் ஒட்டி முடித்திருந்தோம் என்பது வேறு கதை.

எங்கள் ஊரில் ஒரு வீடு. வயதான கணவன் மனைவி, ஒரு கறவை மாடு. கணவருக்குத் தொற்று வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். நாங்கள் வாசலை மறித்துத் தகரம் அடித்தோம். மாட்டுக் கொட்டகை தெருவுக்கு எதிர்ப்பக்கம், புறம்போக்கில். கடைசி ஆணி அடிக்கும்போது உள்ளேயிருந்து அந்த அம்மா கேட்டார்: "ஏப்பா, மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுவா?"

என்னிடம் இருந்த சுற்றறிக்கையில் அதற்குப் பதில் இல்லை. கிருமிநாசினி எத்தனை லிட்டர், தகரம் எத்தனை அடி, எல்லாம் இருந்தது. மாடு இல்லை. எங்கள் தூய்மைப் பணியாளர் ஒருவர்தான், 'நான் பாத்துக்கறேன் சார்' என்று பதினான்கு நாளும் தீவனம் போட்டு, பால் கறந்தார். கறந்த பாலைச் சங்கத்தில் ஊற்ற விடவில்லை. அந்த வீட்டுப் பால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பாதி கன்றுக்குட்டிக்கு, மீதி சாக்கடைக்கு. பதினான்கு நாள் பால் பணம் என்பது அந்த வீட்டுக்கு ஒரு மாத மளிகை. அதை ஈடுகட்ட எந்தத் தலைப்பிலும் எனக்குச் செலவு எழுத வழியில்லை. குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். அதோடு சரி.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு வீட்டை அடைக்கும் அதிகாரம் எங்களுக்கு வந்த அன்றே, அந்த வீட்டின் பால், மாத்திரை, குப்பை, மாடு எல்லாமே எங்கள் தலையில் ஏறியிருக்க வேண்டும். அதிகாரம் மட்டும் வந்தது. சென்னை மாநகராட்சி 2020-ல் இதைக் கொஞ்சம் யோசித்தது. தனிமையில் இருந்த வீடுகளுக்கு மளிகையும் மருந்தும் வாங்கித் தர 'ஃபோகஸ்' என்ற பெயரில் தன்னார்வலர்களை அமர்த்தினார்கள். பதினைந்து வார்டு உள்ள எங்கள் ஊருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு ஆள் கிடைத்திருந்தால் தகரமே தேவைப்பட்டிருக்காது என்பது என் எண்ணம். சாப்பாடும் மருந்தும் வாசலுக்கு வந்தால் யார் வெளியே போகப் போகிறார்கள்?

உங்கள் தெருவில் இன்னும் பேசுகிறவர்கள் இருந்தால், அவர்கள் வீட்டிலும் 2021 மே மாதம் யாருக்காவது காய்ச்சல் வந்திருக்கும். கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் கபசுரக் குடிநீர் குடித்தீர்களா? கிருமிநாசினிச் சுரங்கத்துக்குள் போனீர்களா?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

குடித்தேன். வாசலில் அண்டா வைத்து ஊருக்கெல்லாம் ஊற்றிவிட்டு நான் குடிக்காமல் இருக்க முடியுமா? கசப்பு.

சுரங்கம் உங்கள் ஊரில்தான், தென்னம்பாளையம் சந்தையில் 2020 ஏப்ரல் தொடக்கத்தில் வைத்தார்கள். உடனே எல்லா ஊரும் கேட்டது, எங்கள் ஊர் வணிகர்களும் கேட்டார்கள். அந்த மாதமே, மனிதர்கள் மேல் கிருமிநாசினி தெளிக்கக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் சொல்லிவிட்டது. பிளீச்சிங் பவுடர் கரைசல் தரைக்கும் கைப்பிடிக்கும்தான். கண்ணுக்கும் நுரையீரலுக்கும் அது கெடுதல். நாங்கள் கொட்டேஷன் வாங்கியதோடு தப்பித்தோம்.

கொள்ளைநோயில் இறந்தவரை ஊர் மயானத்தில் அடக்கம் செய்ய விடாவிட்டால் என்ன செய்வது?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

2020 ஏப்ரல் 19 இரவு சென்னையில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவரின் உடலைக் கீழ்ப்பாக்கத்தில் அடக்கம் செய்ய விடாமல், ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்து விரட்டினார்கள். கடைசியில் வேலங்காடு மயானத்தில், உடன் வேலை பார்த்த மருத்துவரே மண்வெட்டி பிடித்துக் குழியை மூடினார். உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. ஒரே வாரத்தில், ஏப்ரல் 26-ல், தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டத்தில் திருத்தம் செய்து அவசரச் சட்டம் வந்தது. அறிவிக்கப்பட்ட நோயில் இறந்தவரின் அடக்கத்தையோ தகனத்தையோ தடுத்தால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை, அபராதமும் உண்டு.

சட்டம் வந்தது நல்லது. ஆனால் மயானத்து வாசலில் சட்டப் புத்தகத்தைக் காட்டி யாரையும் நகர்த்த முடியாது என்பது நான் பட்டு அறிந்தது. முந்தின நாளே தெருவில் பெரியவர்கள் நான்கு பேரை உட்கார வைத்து, எத்தனை அடி ஆழம், யார் தூக்குவார்கள், எத்தனை மணிக்கு என்று சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். ராத்திரி பதினோரு மணிக்குத் திருட்டுத்தனமாகக் கொண்டுபோனால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

ரேஷன் கார்டு இல்லாதவர்களுக்கு என்ன செய்தீர்கள்? எங்கள் மில்லில் ஒடிசாக்காரர்கள் பட்டினி கிடந்தார்கள்.
- மில் மேஸ்திரி, ராஜபாளையம்

இதைத்தான் யாராவது கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன்.

2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1000 ரூபாய், அதோடு விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை. வீடு வீடாக டோக்கன். அட்டை இருந்தவர்களுக்கு ஓரளவு நடந்தது. அட்டையே இல்லாதவர்கள்? ஊரடங்கு தொடங்கியது மார்ச் 25. அட்டை இல்லாத வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு ஆளுக்கு 5 கிலோ தானியம் என்று மத்திய அரசு அறிவித்தது மே 14. நடுவில் ஐம்பது நாள். அந்த ஐம்பது நாளும் பெரும்பாலும் அவரவர் உள்ளாட்சியும் அக்கம்பக்கமும் பார்த்துக்கொண்டதுதான்.

எங்கள் ஊரில் விசைத்தறி அதிகம். முதல் வாரத்தில் ஆட்சியர் அலுவலகத்திலிருந்து போன்: வெளிமாநிலத்தார் எத்தனை பேர்? எங்களிடம் வீட்டு எண் உண்டு, குடிநீர் இணைப்பு எண் உண்டு, தொழில் வரி எண் உண்டு. ஆள் எண்ணிக்கை இல்லை. தறி முதலாளிகளைக் கேட்டால் குறைத்துத்தான் சொன்னார்கள். பத்து பேருக்கு மேல் என்றால் ஏதாவது சட்டம் வந்து மேலே விழும் என்று பயம். அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, குடிநீர்க் குழாய் திறப்பவரைக் கூட அழைத்துக்கொண்டு சந்து சந்தாகப் போனோம். அவருக்குத்தான் எந்தக் கொட்டடியில் எத்தனை குடம் பிடிக்கிறார்கள் என்று தெரியும். குடத்தை வைத்து ஆளைப் பிடித்தோம். முதலாளிகள் சொன்னதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வந்தது.

நோட்டில் பெயர், ஊர், போன் நம்பர், கடைசியில் ஒரு கட்டம்: அரிசியா, கோதுமையா. அந்தக் கட்டத்தைப் பார்த்து வருவாய் ஆய்வாளர் சிரித்தார். ஆனால் பீகார்ப் பையன்களுக்குப் புழுங்கலரிசியை மூட்டையாகக் கொடுத்தால், அவர்கள் அதை விற்றுவிட்டு ஆட்டா வாங்கக் கடைத்தெருவுக்கு வருவார்கள், போலீஸ் அடிக்கும். ஒடிசாக்காரர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. நம்மைப் போலவே பழைய சோறு சாப்பிடுகிறவர்கள்.

அரிசி எங்கிருந்து வந்தது? கொஞ்சம் வருவாய்த்துறை, கொஞ்சம் லயன்ஸ் சங்கம், கொஞ்சம் ஊர்ப் பள்ளிவாசல். பெரிய நகரங்களில் அம்மா உணவகம் இருந்தது. ஊரடங்கில் சில நாட்கள் இலவசமாகவே போட்டார்கள். பேரூராட்சிக்கு அந்த வசதி இல்லை. கேரளத்தில் மார்ச் கடைசியிலேயே உள்ளாட்சிகள் குடும்பஸ்ரீ என்ற மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களை வைத்துச் சமுதாயச் சமையலறை திறந்துவிட்டன. இல்லாதவர்களுக்கு இலவசம், மற்றவர்களுக்குச் சாப்பாடு 20 ரூபாய். அங்கே வார்டு உறுப்பினர் இருந்தார், குழு இருந்தது, அடுப்பு இருந்தது. பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

உங்கள் ஊரில் கவுன்சிலர் இல்லையா?
- வாசகி, சேலம்

இல்லை அம்மா. நகர்ப்புற உள்ளாட்சிகளில் 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19. கொரோனாவின் முதல் அலையும் இரண்டாம் அலையும் அந்த இடைவெளிக்குள்ளேயே வந்து போய்விட்டன. மன்றம் தீர்மானம் போட வேண்டிய இடத்தில் அதிகாரி கையெழுத்துத்தான். வேலை வேகமாக நடந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் 'மாட்டுக்கு யார் தண்ணி காட்டுவது' என்று தகரத்துக்கு முன்னால் கேட்க ஒரு வார்டு உறுப்பினர் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கிராமங்களில் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்களில் தேர்தல் நடந்து, ஜனவரி 6-ல் பதவியேற்றார்கள். மூன்று மாதம் ஆவதற்குள் ஊரடங்கு. பல தலைவர்களுக்குச் செக் புத்தகமே அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. அந்த ஆண்டு மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகள் மூன்றும் ரத்து. பிளீச்சிங் பவுடர் எத்தனை மூட்டை வாங்கினீர்கள் என்று கேட்க வேண்டிய ஆண்டில், கேட்கும் இடத்தைப் பூட்டிவிட்டார்கள். டாஸ்மாக் திறந்தது மே மாதம். இது சும்மா தகவலுக்கு.

மறுபடி ஒரு தொற்று வந்து, காரணம் சொல்லாமல் வீட்டை அடைத்தால் எங்கே போவது?
- இளைஞர், தூத்துக்குடி

முதலில் உத்தரவின் நகலைக் கேளுங்கள். யார் கையெழுத்து, எந்தச் சட்டம், எத்தனை நாள் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். வாய்வார்த்தையாக 'மேலிடத்து உத்தரவு' என்றால், போனில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே குரல் இறங்கும். என் குரலும் ஒருமுறை அப்படி இறங்கியிருக்கிறது.

திங்கட்கிழமை குறைதீர் நாளை நம்பி இருக்காதீர்கள். கூட்டம் சேரக்கூடாது என்றால் முதலில் நிறுத்துவது அதைத்தான். தகவல் உரிமைச் சட்டத்தில் சாதாரண மனுவுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. ஆனால் ஒருவரின் உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். இது சட்டத்தின் 7(1) பிரிவில் இருக்கிறது, தெரிந்தவர்கள் குறைவு. மனுவின் தலைப்பிலேயே அந்தப் பிரிவு எண்ணைப் போட்டு, உள்ளே யார் இருக்கிறார்கள், யாருக்கு என்ன மருந்து தேவை என்று இரண்டு வரி எழுதுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். தகரத்துக்கு உள்ளே இருப்பவர் தபால் நிலையம் போக முடியாது. அதனால் வெளியே இருக்கும் ஒரு சொந்தக்காரர் பெயரில் அனுப்புவதுதான் நல்லது. ஸ்பீட் போஸ்ட் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மாடு இருந்தால் அதையும் எழுதுங்கள்.