ஸ்பாய்லர் ஓரம் தூக்குகிறதா?

வணக்கங்க. ஈரோட்டில் உச்சி வெயிலில் கார் டிக்கி மேல் இருபக்க டேப்பால் ஒட்டிய ஸ்பாய்லர் (இறக்கை மாதிரி பட்டை) பத்தே நாளில் இடது ஓரம் தூக்கிவிட்டது, துளை போட்டு முடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. துளை ஓரத்தில் துரு ஏறும், மழைத் தண்ணீரும் உள்ளே இறங்கும்.

பெரும்பாலும் பெயிண்ட் மேல் இருக்கும் மெழுகுப் பாலிஷ்தான் வினை, டேப்பைப் பிடிக்க விடாது. ஹேர் டிரையரால் சூடாக்கி, தூண்டில் நரம்பை ஸ்பாய்லருக்கும் டிக்கிக்கும் இடையில் விட்டு ரம்பம் இழுப்பதுபோல் இழுங்கள், பெயிண்ட் கீறாது. பழைய டேப்பை மறுபடி ஒட்டாதீர்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் (துடைக்கும் ஸ்பிரிட்) மெழுகு போகத் துடைத்து, காலை நிழலில் புது டேப் போட்டு நன்றாக அழுத்துங்கள். முழுப் பிடிப்பு வர 72 மணி நேரம் ஆகும். அதுவரை வாட்டர் வாஷ் கூடாது. நான் மறுநாளே பெருந்துறைக்கு வண்டியை விரட்டி, பாதி வழியில் கயிறு போட்டுக் கட்டினேன்!