டேட்டாவை அசைக்காம டேட்டாபேஸ் சர்வரை அப்கிரேட் பண்றது: நீங்க கேட்டதும் நான் சொன்னதும்

டேட்டாவை வெளிய எடுத்து புது சர்வர்ல ஊத்தாம, இருக்குற இடத்துலயே வெர்ஷனை மட்டும் ஏத்துறது பத்தி கொஞ்ச நாளா ஆளாளுக்கு கேட்டுட்டே இருக்கீங்க, அதான் எல்லாத்தையும் ஒண்ணா சேத்து பதில் போடுறேன். நான் தினமும் மல்லுக்கட்டுறது போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல்ங்கற ரெண்டு டேட்டாபேஸ் கூடவும்தான், அதனால அதுக்கு பதில் நீளமா இருக்கும், மத்ததுக்கு சுருக்கமாதான். கமாண்ட் பேரையெல்லாம் தமிழ்லயே எழுதிருக்கேன், டைப் பண்றப்போ நீங்களே மாத்திக்கோங்க.

கேள்வி: அண்ணா, போஸ்ட்கிரெஸ் 13 ஓடுது, 40 ஜிபி டேட்டா. 17க்கு போகணும். டம்ப் எடுத்து (டேட்டாவை ஃபைலா வெளிய எழுதி) புது சர்வர்ல ரீஸ்டோர் பண்ணவா, இல்ல இருக்குற இடத்துலயே ஏத்தவா?

பதில்: தம்பி, 40 ஜிபிதானே, ஒரு ராத்திரி சர்வரை நிறுத்தி வெக்க முடியும்னா டம்ப்-ரீஸ்டோரே போதும். மெதுவா போகும், ஆனா பழைய சர்வரை யாரும் தொடவே மாட்டாங்க, ஏதாவது சொதப்புனா பழைய போர்ட்டுக்கே ஆப்பை திருப்பி விட்டுட்டு தூங்கப் போயிடலாம். கூடவே வருஷக்கணக்கா இன்டெக்ஸ்ல (சீக்கிரம் தேடுறதுக்கான அட்டவணை) சேந்த குப்பையும் போயிடும். இன்-ப்ளேஸ்க்கு (இருக்குற இடத்துலயே ஏத்துறதுக்கு) அர்த்தம் வர்றது டேட்டா பெருசா இருந்து நேரம் கம்மியா இருக்கும்போதுதான். 13க்கு சப்போர்ட் 2025 நவம்பரோட முடிஞ்சிடுச்சு, அதனால போறதா வேணாமான்னு யோசிக்க ஒண்ணுமில்ல, எப்படி போறதுன்னு மட்டும் யோசி.

கேள்வி: 16.2ல இருந்து 16.6 போறதுக்கும் இதெல்லாம் பண்ணணுமா?

பதில்: வேணாம். பேக்கேஜை மாத்தி ரீஸ்டார்ட் பண்ணுங்க, அவ்ளோதான், ரிலீஸ் நோட்ஸ்ல ஏதாவது இன்டெக்ஸை திரும்ப கட்டச் சொல்லிருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க. 10ம் வெர்ஷன்ல இருந்து முதல் நம்பர் மாறுனாதான் மேஜர். அதுக்கு முன்னாடி 9.5ல இருந்து 9.6ங்கறதே மேஜர், அங்கதான் பழைய ஆளுங்க பல பேர் ஏமாந்தாங்க.

கேள்வி: எங்ககிட்ட 800 ஜிபி, டிஸ்க்ல 100 ஜிபிதான் காலி. பிஜி_அப்கிரேட்ல (போஸ்ட்கிரெஸ் கூடவே வர்ற அப்கிரேட் புரோகிராம்) லிங்க் மோட் போட்டா ஒரு நிமிஷத்துல முடியும்னு சொல்றாங்க, நிஜமா? டேட்டா போயிடாதா?

பதில்: நிஜம்தான், அதுல மாயம் ஒண்ணும் இல்ல. மேஜர் வெர்ஷன் மாறும்போது உண்மையில மாறுறது டேபிள் லிஸ்ட், காலம் (டேபிளோட நெடுவரிசை) லிஸ்ட் எழுதி வெச்சிருக்குற சிஸ்டம் கேட்டலாக் மட்டும்தான், உங்க வரிசைகள் கிடக்குற ஃபைலோட அமைப்பு மாறுறது ரொம்ப அபூர்வம். அதனால பிஜி_அப்கிரேட் என்ன பண்ணும்னா பழைய சர்வர்ல இருந்து ஸ்கீமாவை (டேபிளோட அமைப்பை) மட்டும் டம்ப் எடுத்து புதுசுல ஏத்திட்டு, டேட்டா ஃபைலுக்கெல்லாம் காப்பி எடுக்காம ஹார்டு லிங்க் போட்டுடும், ஒரே ஃபைலுக்கு ரெண்டு பேர் மாதிரி. நேரத்தை தீர்மானிக்கிறது ஜிபி இல்ல, எத்தனை டேபிள் எத்தனை இன்டெக்ஸ்ங்கறதுதான். பழசும் புதுசும் ஒரே ஃபைல் சிஸ்டம்ல இருக்கணும், வேற டிஸ்க்ன்னா லிங்க் போட முடியாது.

இப்ப பயப்பட வேண்டிய இடத்துக்கு வரேன். லிங்க் போட்டதும் அது பழைய சர்வரோட கண்ட்ரோல் ஃபைல் பேர்ல கடைசியா ஓல்டுன்னு ஒட்டி வெச்சிடும், தப்பித் தவறி பழசை யாரும் ஸ்டார்ட் பண்ணிடக்கூடாதுன்னு. புது சர்வரை நீங்க ஒரு தடவகூட ஸ்டார்ட் பண்ணலன்னா அந்த ஓல்டை எடுத்துட்டு பழசுக்கே திரும்பிடலாம். ஒரே ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிட்டா முடிஞ்சுது, அந்த ஃபைல்ல புது சர்வர் எழுத ஆரம்பிச்சிருக்கும், இனிமே பழசை எழுப்புனா ரெண்டுமே கெட்டுப்போகும். திரும்பணும்னா பேக்கப் ஒண்ணுதான் வழி. அதனால லிங்க் மோட் போடறவங்க கிட்ட நான் முதல்ல கேக்குறது எவ்ளோ சீக்கிரம் முடியும்னு இல்ல, திரும்பி வர்ற வழி எந்த நிமிஷத்தோட மூடுதுன்னு தெரியுமான்னுதான்.

உங்க ஃபைல் சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ் (ரீலிங்க் ஆன் ஆகி) இல்லாட்டி பிடிஆர்எஃப்எஸ்னா குளோன் மோட் பாருங்க, 12ல இருந்து இருக்கு. அதே வேகம், புதுசு எழுத எழுத அந்த பகுதி மட்டும் தனியா பிரியும், பழசு பழசாவே இருக்கும். இது கிடைக்கும்போது லிங்க் மோட் பக்கம் போக எனக்கு ஒரு காரணமும் தெரியல.

கேள்வி: பிஜி_அப்கிரேட்ல செக் ஆப்ஷன் (எதையும் மாத்தாம சரிபாக்க மட்டும்) போட்டா சர்வரை நிறுத்தணுமா?

பதில்: வேணாம், பழசு ஓடிட்டு இருக்கும்போதே ஓட்டலாம், ஒரு வாரம் முன்னாடியே ஓட்டிடுங்க. அதிகமா மாட்டுறது எக்ஸ்டென்ஷன்தான், போஸ்ட்ஜிஐஎஸ் மாதிரி ஏதாவது பழைய வெர்ஷனுக்கு மட்டும் இன்ஸ்டால் ஆகிருக்கும், புதுசுக்கு இருக்காது. ரொம்ப பழைய டேபிள்ல வித் ஓஐடிஸ்னு போட்டு வெச்சிருந்தாலும் நிக்கும், அது 12லயே தூக்கியாச்சு. 18க்கு போறவங்க இன்னொண்ணு கவனிங்க, அதுல புது க்ளஸ்டர் (சர்வரோட டேட்டா டைரக்டரி) உருவாக்கும்போது செக்சம் (டேட்டா கெட்டுதான்னு பாக்குற சரிபார்ப்பு எண்) தானா ஆன் ஆகிடும், உங்க பழசுல ஆஃப்னா ரெண்டும் பொருந்தலன்னு நின்னுடும். இனிட்டிபி (க்ளஸ்டரை உருவாக்குற கமாண்ட்) ஓட்டும்போதே செக்சம் வேணாம்னு சொல்லி உருவாக்குங்க, இல்ல முதல்ல பழசுல ஆன் பண்ணுங்க.

அப்புறம் கான்ஃபிக் ஃபைலும் பிஜி_எச்பிஏ ஃபைலும் (யார் கனெக்ட் ஆகலாம்னு எழுதி வெச்சது) பிஜி_அப்கிரேட் எடுத்துட்டு வராது. அப்கிரேட் முடிஞ்சும் ஆப் கனெக்ட் ஆகலன்னு பதறுறவங்கள்ல பல பேருக்கு இதுதான் காரணம்.

கேள்வி: சார் அவசரம். டாக்கர்ல (புரோகிராமை தனி பெட்டி மாதிரி ஓட்டுறது) போஸ்ட்கிரெஸ் இமேஜ் டேகை (வெர்ஷன் பேரை) 13ல இருந்து லேட்டஸ்ட்னு மாத்தினேன், கன்டெய்னர் ஸ்டார்ட் ஆகி ஆகி விழுது, ஃபைல்ஸ் இன்கம்பேட்டிபிள்னு லாக்ல வருது. டேட்டா எல்லாம் போச்சா?

பதில்: போகல, மூச்சு விடுங்க. டேகை 13க்கே மாத்துங்க, எல்லாம் அப்படியே இருக்கும். போஸ்ட்கிரெஸ் தன்னோட வெர்ஷன் இல்லாத டைரக்டரிய பாத்ததும் எதையும் தொடாம வெளிய வந்துடும். பதட்டத்துல வால்யூமை (டேட்டா இருக்குற இடத்தை) மட்டும் டெலீட் பண்ணிடாதீங்க, டேட்டா போறது அப்பதான்.

இதே வேலைய மைஎஸ்க்யூஎல் இமேஜ்ல பண்ணிருந்தா கதையே வேற. 8.0.16ல இருந்து சர்வரே ஸ்டார்ட் ஆகும்போது டேட்டா டைரக்டரிய அப்கிரேட் பண்ணிக்கும், உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காது. 5.7 வால்யூமை 8.0 இமேஜ்ல மாட்டி ஸ்டார்ட் பண்ணா சத்தமில்லாம ஏறிடும், அதுக்கப்புறம் 5.7க்கு இறங்க முடியாது. புரொடக்ஷன்ல லேட்டஸ்ட் டேக் போட்டு வெச்சிருக்கவங்க இன்னைக்கே நம்பரா மாத்துங்கப்பா.

கேள்வி: மைஎஸ்க்யூஎல் 5.6 இன்னும் ஓடுது (சிரிக்காதீங்க). நேரா 8.4 போகலாமா?

பதில்: சிரிக்கல, எனக்கும் அப்படி ஒண்ணு இருந்துச்சு. நேரா போக முடியாது. 5.6, 5.7, 8.0, 8.4னு ஒவ்வொரு படியா ஏறணும், 5.7 வரைக்கும் மைஎஸ்க்யூஎல்_அப்கிரேட்னு தனி புரோகிராமை நீங்களே ஓட்டணும். 5.7க்கு சப்போர்ட் 2023 அக்டோபர்ல முடிஞ்சுது, 8.0க்கு 2026 ஏப்ரல், அதனால 8.0ல நின்னு செட்டில் ஆகாம 8.4 வரைக்கும் போயிடுங்க.

ஒவ்வொரு படிக்கும் முன்னாடி இன்னோடிபி ஃபாஸ்ட் ஷட்டவுன்ங்கற செட்டிங்கை 0ன்னு வெச்சு நிறுத்துங்க. நேரம் ஆகும், ஆனா பாக்கி வேலைய எல்லாம் முடிச்சு சுத்தமா படுக்கும், புது வெர்ஷனுக்கு பழைய லாக் மிச்சம் எதுவும் போகாது. மைஎஸ்க்யூஎல் ஷெல்ல அப்கிரேட் செக்கர் ஒண்ணு இருக்கு, அதை முதல்ல ஓட்டுங்க.

8.0ல அடிபடுற இடம் எனக்கு தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன். கான்ஃபிக்ல க்வெரி கேச் லைன் இருந்தாலோ, எஸ்க்யூஎல் மோட்ல நோ ஆட்டோ கிரியேட் யூசர்னு இருந்தாலோ சர்வர் ஸ்டார்ட்டே ஆகாது, ரெண்டையும் 8.0ல தூக்கிட்டாங்க. ரேங்க், க்ரூப்ஸ், சிஸ்டம் இதெல்லாம் இப்ப ரிசர்வ்டு வார்த்தை, காலம் பேரு அப்படி இருந்தா க்வெரி உடையும், ரேங்க்னு காலம் வெக்காத ரிசல்ட் டேபிளை நான் பாத்ததே இல்ல. அப்புறம் ரொம்ப நைசா கழுத்தறுக்குறது க்ரூப் பை. 5.7ல க்ரூப் பை போட்டா தானா சார்ட் ஆகி வரும், 8.0ல வராது, எர்ரரும் வராது, ரிப்போர்ட்ல வரிசை மட்டும் கலைஞ்சிருக்கும், ரெண்டு வாரம் கழிச்சு அக்கவுண்ட்ஸ்ல இருந்து யாராவது வந்து கேப்பாங்க. ஆர்டர் பை போடுறதை தவிர வழியில்ல. 8.4ல மைஎஸ்க்யூஎல் நேட்டிவ் பாஸ்வேர்ட் பிளகின் டிஃபால்ட்டா ஆஃப், பழைய டிரைவர் வெச்ச ஆப் எல்லாம் லாகின் ஆகாது, யூசரை எல்லாம் முன்னாடியே புது முறைக்கு மாத்திடுங்க.

திரும்பறதை பத்தி மேல சொன்னேன், இங்க அது இன்னும் கறார். 8.0ல டேபிள் விவரம் எல்லாம் எஃப்ஆர்எம் ஃபைல்ல இருந்து டேட்டா டிக்ஷனரிக்குள்ள போயிடுச்சு, அதான் 5.7க்கு இறங்க முடியாதது. 8.0.35ல இருந்து 8.0.34க்கு கூட இறங்க முடியாதுன்னா பாத்துக்கோங்க.

கேள்வி: மைஎஸ்க்யூஎல் 8க்கு மாறுனதும் தமிழ் எழுத்து எல்லாம் கிறுக்கலா தெரியுது. அப்கிரேட் டேட்டாவை கெடுத்துடுச்சா?

பதில்: எந்த மாதிரி கிறுக்கல்னு பாருங்க. தலையில சாய்ஞ்ச கோடு போட்ட சின்ன ஏ எழுத்தும் வட்டத்துக்குள்ள ஆர் குறியும் மாறி மாறி வருதுன்னா சந்தோஷப்படுங்க, டேட்டா பத்திரமா இருக்கு. தமிழ் எழுத்து, துணைக்குறி ஒவ்வொண்ணும் யூடிஎஃப்8ல (எழுத்தை பைட்டா எழுதுற ஒரு முறை, லேட்டின்1ங்கறது இன்னொண்ணு) மூணு பைட், பெரும்பாலும் முதல் ரெண்டு பைட் ஒண்ணாவே இருக்கும், அதை லேட்டின்1னு நெனச்சு படிச்சா அந்த ரெண்டு குறிதான் தெரியும். உங்க டேபிள் லேட்டின்1, பழைய கனெக்ஷனும் லேட்டின்1, அதனால போட்ட பைட் அப்படியே உள்ள போய் அப்படியே திரும்ப வந்து வருஷக்கணக்கா ஏமாத்திட்டு இருந்துச்சு. 8ல கனெக்ஷன் டிஃபால்ட்டா யூடிஎஃப்8எம்பி4 ஆனதும் சர்வர் உதவி பண்றேன்னு நடுவுல மாத்திக் கொடுக்குது. அந்த காலத்தை முதல்ல பிளாப் (வெறும் பைட்) ஆக்கி, அப்புறம் யூடிஎஃப்8எம்பி4 டெக்ஸ்ட் ஆக்குங்க, நேரா டெக்ஸ்ட்ல இருந்து டெக்ஸ்ட் மாத்துனா கிறுக்கலே நிரந்தரம் ஆகிடும். மாத்துறதுக்கு முன்னாடி ஆப்பை நிறுத்திடுங்க, இல்லன்னா பாதி பழைய மாதிரியும் பாதி புது மாதிரியும் ஏறி கலந்துடும். டேபிள் காப்பி ஒண்ணுல முயற்சி பண்ணிட்டு அப்புறம் நிஜத்துல.

வெறும் கேள்விக்குறியா தெரியுதா? அப்ப அந்த காலத்தை ஹெக்ஸ்ல பாருங்க. வரிசையா 3எஃப் 3எஃப்னு (கேள்விக்குறியோட குறியீடு) வந்தா நிஜமாவே கேள்விக்குறியாதான் எழுதிருக்கு, எழுத்து போயிடுச்சு, பேக்கப்பை தேடுங்க. ஹெக்ஸ் வேற மாதிரி இருந்தா காட்டுற இடத்துலதான் கோளாறு.

கேள்வி: போஸ்ட்கிரெஸ் அப்கிரேட் நல்லபடியா முடிஞ்சுது, ஆனா காலையில எல்லாம் ஆமை மாதிரி. சிபியு 100ல நிக்குது.

பதில்: அனலைஸ் ஓட்டல நீங்க. பிளானருக்கு (க்வெரியை எப்படி ஓட்டலாம்னு முடிவு பண்ற பகுதி) வேண்டிய புள்ளிவிவரத்தை பிஜி_அப்கிரேட் எடுத்துட்டு வராது, 18ல இருந்துதான் பெரும்பாலானதை கொண்டு வருது. வேக்யூம்டிபிங்கற கமாண்ட்ல அனலைஸ் இன் ஸ்டேஜஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, முதல்ல மேலோட்டமா ஒரு சுத்து சுத்தி அப்புறம் ஆழமா போகும். ஆப்பை திறந்து விடுறதுக்கு முன்னாடியே ஓட்டணும்.

கேள்வி: டேட்டாபேஸ் வெர்ஷனை மாத்தவே இல்ல, லினக்ஸை மட்டும் ஏத்தினோம். இப்ப யூனிக் காலத்துலயே ஒரே ஈமெயில் ரெண்டு தடவ இருக்கு. எப்படி?

பதில்: இது நல்ல கேள்வி, யாருமே எதிர்பாக்காத இடம். போஸ்ட்கிரெஸ் எழுத்துகளை வரிசைப்படுத்துறதுக்கு பொதுவா ஆபரேட்டிங் சிஸ்டத்தோட ஜிலிப்சி லைப்ரரியைதான் நம்பும். 2018ல வந்த ஜிலிப்சி 2.28ல வரிசை விதி பெருசா மாறுச்சு. பழைய விதிப்படி அடுக்கின இன்டெக்ஸ்ல புது விதிப்படி தேடுனா, இருக்குறதே இல்லைன்னு சொல்லும், இல்லைன்னதும் இன்னொண்ணை உள்ள விட்டுடும். டெபியன் 9ல இருந்து 10, ரெட்ஹேட் 7ல இருந்து 8 போனவங்க எல்லாம் இந்த கோட்டை தாண்டினவங்கதான். டூப்ளிகேட்டை முதல்ல கையால சரி பண்ணிட்டு டெக்ஸ்ட் இன்டெக்ஸ் எல்லாத்தையும் ரீஇன்டெக்ஸ் பண்ணுங்க. பிஜி_அப்கிரேடும் இன்டெக்ஸை அப்படியேதான் எடுத்துட்டு வரும், ஓஎஸ்ஸும் டேட்டாபேஸும் ஒரே ராத்திரில மாத்துறவங்க இதை மறந்துடாதீங்க.

கேள்வி: தினமும் கிரான்ல (குறிச்ச நேரத்துல வேலையை தானா ஓட்டுறது) டம்ப் எடுக்குறோம். அது போதும்தானே?

பதில்: அந்த டம்பை என்னைக்காவது ரீஸ்டோர் பண்ணி பாத்தீங்களா? நான் முன்னாடி இருந்த ஒரு இடத்துல தினமும் ஃபைல் வந்துச்சு, பேர் சரி, தேதி சரி. அப்கிரேட் பாதில நின்னு அதை திறந்தா கடைசி பெரிய டேபிள் நடுவுலயே வெட்டி நிக்குது, பேக்கப் டிஸ்க் நிறைஞ்சு மாசக்கணக்கா அப்படிதான் எழுதிருக்கு, ஒருத்தரும் பாக்கல, நான் உள்பட. நல்ல வேளை அப்கிரேட் பழைய டைரக்டரிய தொட்டிருக்கல, தப்பிச்சோம். டெக்ஸ்ட் டம்ப்னா ஃபைலோட கடைசில டம்ப் கம்ப்ளீட்னு அர்த்தம் வர்ற ஒரு லைன் இருக்கும், ரெண்டு டேட்டாபேஸ்லயும் இருக்கும், அது இருக்கான்னாவது தினமும் பாருங்க. அப்கிரேடுக்கு முன்னாடி டம்ப் மட்டும் போதாது, சர்வரை நிறுத்திட்டு டேட்டா டைரக்டரிய முழுசா ஒரு காப்பியோ டிஸ்க் ஸ்னாப்ஷாட்டோ எடுங்க, ஓடிட்டு இருக்கும்போது சும்மா காப்பி எடுத்தா அது பேக்கப் இல்ல. அந்த காப்பியை வேற மெஷின்ல ஏத்தி அங்க ஒரு தடவ முழு அப்கிரேடும் பண்ணிப் பாத்துட்டா பேக்கப்பும் டெஸ்ட் ஆச்சு, எவ்ளோ நேரம் ஆகும்னும் தெரிஞ்சுது.

கேள்வி: மேனேஜர் ஒரு நிமிஷம்கூட டவுன் ஆகக்கூடாதுங்கறார்.

பதில்: அப்ப அது இன்-ப்ளேஸ் இல்லன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க. இன்னொரு சர்வர் வாங்கச் சொல்லி லாஜிக்கல் ரெப்ளிகேஷன் (டேட்டா மாற மாற இன்னொரு சர்வருக்கு அனுப்புறது) போடுங்க, போஸ்ட்கிரெஸ் 10ல இருந்து உள்ளயே இருக்கு. சீக்வென்ஸ் (தானா ஏறுற ஐடி) நம்பரை அது கொண்டு போகாது, மாறுறப்போ நீங்கதான் ஏத்தி வெக்கணும், இல்லன்னா முதல் இன்சர்ட்லயே டூப்ளிகேட் கீ. அதுலயும் கடைசில சில நொடி நிக்கத்தான் செய்யும்.

கேள்வி: எஸ்க்யூஎல் சர்வர் 2014ல இருந்து 2022?

பதில்: நேரா ஏத்தலாம், 2012ல இருந்தே நேரா ஏத்த அனுமதி உண்டு. டேட்டாபேஸ் கம்பேட்டிபிலிட்டி லெவல் (எந்த வெர்ஷன் மாதிரி நடந்துக்கணும்ங்கற செட்டிங்) பழைய 120லயே நிக்கும், அது நல்லதுதான், க்வெரி ஸ்டோரை (க்வெரி எப்படி ஓடுச்சுன்னு பதிவு பண்றதை) ஆன் பண்ணி கொஞ்ச நாள் ஓட விட்டுட்டு அப்புறம் 160 ஆக்குங்க. 2022ல ஒரு தடவ அட்டாச் பண்ண ஃபைலை 2014 திரும்ப எடுத்துக்காது.

கேள்வி: மோங்கோ டேட்டாபேஸ் 4.4ல இருந்து 7?

பதில்: 5, 6, 7னு படி படியா. ஒவ்வொரு படியிலயும் ஃபீச்சர் கம்பேட்டிபிலிட்டி வெர்ஷனை ஏத்தினாதான் அடுத்த படி ஸ்டார்ட் ஆகும். அதை ஏத்துறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் ஓட விடுங்க, ஏத்தாத வரைக்கும் இறங்குறது சுலபம்.

கேள்வி: லிங்க் மோட்ல ஏத்தியாச்சு, ரெண்டு வாரமா நல்லா ஓடுது. பழைய டைரக்டரிய அழிச்சா டேட்டாவும் சேந்து போயிடுமா?

பதில்: போகாது. ஹார்டு லிங்க்ல ஒரு பேரை அழிச்சா இன்னொரு பேர்ல ஃபைல் இருக்கும். பிஜி_அப்கிரேடே அழிக்கிறதுக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வெச்சிருக்கும், அதையே ஓட்டுங்க. அந்த ஸ்கிரிப்ட் உருவாகலன்னா உங்க டேபிள்ஸ்பேஸ் (டேபிள் ஃபைலை வெக்க தனியா சொன்ன இடம்) ஏதோ ஒண்ணோ, புது டேட்டா டைரக்டரியோ பழைய டேட்டா டைரக்டரிக்கு உள்ளயே இருக்குன்னு அர்த்தம், அப்ப கையால அழிக்கப் போகாதீங்க, முதல்ல அந்த பாத் எதுன்னு கண்டுபிடிச்சு இங்க சொல்லுங்க, பாத்துக்கலாம்.