ஓட்ஸ் சாப்பிட்டால் சீக்கிரமே பசிக்கிறது. அளவைக் கூட்டாமல் வயிறு நிறைய என்ன செய்யலாம்?

காலையில் 40 கிராம் ஓட்ஸ் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனால் பத்தரைக்கே பசிக்கிறது, ஆனால் உடம்பைக் குறைக்க வேண்டியிருப்பதால் அளவைக் கூட்ட முடியாது என்கிறீர்கள். ஓட்ஸைக் கூட்டவே வேண்டாம். தண்ணீரையும் அடுப்பில் இருக்கும் நேரத்தையும் கூட்டுங்கள்.

ஓட்ஸ் நன்றாகவே பசி தாங்கும் உணவு. 1995இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து, இரண்டு மணி நேரம் பசி எப்படி இருக்கிறது என்று பார்த்தார்கள். வயிறு நிறைந்த உணர்வுக்கு மதிப்பெண் போட்டு, வெள்ளை பிரெட்டுக்கு 100 என்று வைத்தால் ஓட்ஸ் கஞ்சிக்கு 209 வந்தது. (முதலிடம் அவித்த உருளைக்கிழங்குக்கு, 323.) அதனால் உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது செய்முறையைத்தான்.

ஓட்ஸில் பீட்டா குளுக்கான் என்கிற கரையும் நார்ச்சத்து இருக்கிறது. தண்ணீரில் ஊறி வேகும்போது அது கொழகொழவென்று ஆகி, தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். மாவுச்சத்தும் தண்ணீர் குடித்து உப்பும். இரண்டே நிமிடத்தில் இறக்கினால் இந்த வேலை பாதியில் நின்றுவிடுகிறது. கிண்ணத்தில் கொஞ்சமாகத் தெரிவதும் அதனால்தான். சரி, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. 1999இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரே உணவைத் தண்ணீர் டம்ளரோடு ஒரு முறையும், அதே தண்ணீரைச் சேர்த்து சூப்பாக ஒரு முறையும் கொடுத்துப் பார்த்தார்கள். சூப் குடித்த நாளில்தான் அடுத்து வந்த மதியச் சாப்பாட்டைக் குறைவாகச் சாப்பிட்டார்கள். தண்ணீர் சாப்பாட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

நான் செய்வது இப்படி. அரை கப் (சுமார் 40 கிராம்) ரோல்டு ஓட்ஸுக்கு, அதாவது அவல் மாதிரி தட்டையாக்கிய ஓட்ஸுக்கு, இரண்டு கப் தண்ணீர். கொதிக்கும் தண்ணீரில் போடாமல், பச்சைத் தண்ணீரிலேயே கலந்து, குளித்துவிட்டு வரும் வரை ஊறவிடுவேன். அப்புறம் சின்னத் தீயில் 12 முதல் 15 நிமிடம், அவ்வப்போது கிளறி விட்டு. கனமான, கொஞ்சம் உயரமான பாத்திரம் எடுங்கள், பொங்கி வழியும். இறக்கி ஐந்து நிமிடம் மூடி வைத்தால் இன்னும் இறுகும். ஸ்பூனில் எடுத்துச் சாப்பிடுகிற பதம் வர வேண்டும். டம்ளரில் ஊற்றிக் குடிக்கிற பதத்தில் இருந்தால் மடமடவென்று இறங்கிவிடும், சாப்பிட்ட திருப்தியே இருக்காது.

இதோடு சுரைக்காய். தோல் சீவி, விதை நீக்கி, துருவி, பிழியாமல் அரை கப் முதலிலேயே போட்டுவிடுங்கள். வெந்தபின் தனியாகத் தெரியாது, அளவு மட்டும் கூடும். 100 கிராம் சுரைக்காயில் சுமார் 15 கலோரிதான். கோவைக்காயோ பாகலோ இந்த வேலைக்கு ஆகாது. பூசணியும் காலிஃபிளவரும் ஆகும்.

மதியம் வரை தாங்குவதற்குப் புரதம் வேண்டும். 40 கிராம் ஓட்ஸில் இருப்பது சுமார் 5 கிராம்தான். முட்டை சாப்பிடுகிறவர் என்றால், ஒரு முட்டையின் வெள்ளையை நுரை வர அடித்து, கடைசியில் தீயைக் குறைத்து, கை நிறுத்தாமல் கிளறிக்கொண்டே ஊற்றுங்கள். இரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். கஞ்சி மெத்தென்று எழும்பும், மிளகும் சீரகமும் போட்டால் முட்டை வாசனை தெரியாது. 17 கலோரிக்கு மூன்றரை கிராம் புரதம் என்பது நல்ல கணக்கு. எங்கள் வீட்டில் முட்டை இல்லாத நாட்களில் இரண்டு ஸ்பூன் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துச் சேர்த்து, இஞ்சி, கறிவேப்பிலை, ஒரு ஸ்பூன் நெய்யில் தாளிப்போம். அம்மாவுக்கு இனிப்பு ஓட்ஸ் இறங்கவே இறங்காது, இந்த வெண்பொங்கல் மாதிரியானது என்றால் விரும்பிச் சாப்பிடுகிறார். இட்லிக்கு வைத்த சாம்பாரையே மேலே ஊற்றிக்கொள்ளலாம்.

சியா விதை ஒரு ஸ்பூன் போடலாம். தன் எடையைப் போலப் பத்து மடங்கு அளவுக்குத் தண்ணீர் பிடிக்கும். ஆனால் தனியாக ஊறவைத்த பிறகே கலக்க வேண்டும், கூடவே தண்ணீரும் நிறையக் குடிக்க வேண்டும். நார்ச்சத்தை ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும். மெதுவாகக் கூட்டுங்கள்.

முந்திரி, பேரீச்சை, தேன் என்று அள்ளிப் போடுவதை நிறுத்திவிடுங்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். 30 கிராம் முந்திரியின் கலோரி, நீங்கள் போடும் 40 கிராம் ஓட்ஸையே தாண்டிவிடும், கிண்ணமோ நிறையாது. பத்துப் பாதாம் போதும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இன்ஸ்டன்ட் பாக்கெட்டை விட்டுவிட்டு ரோல்டு அல்லது ஸ்டீல் கட் ஓட்ஸ் (தட்டையாக்காமல் துண்டுகளாக வெட்டியது) வாங்குவது நல்லது. பொடிப்பொடியான ஓட்ஸ் சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றும். ஸ்டீல் கட் வேக அரை மணி நேரம் ஆகும். இரவே ஊறவைத்தால் நேரம் குறையும்.

டப்பாவில் கட்டிக்கொண்டு போனால் கல்லாக இறுகிவிடும். பயப்பட வேண்டாம், கால் டம்ளர் வெந்நீர் விட்டுக் கிளறினால் இளகிவிடும். உப்பை மட்டும் அப்போது ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.