பாதி அடித்த விமான வால்: வாங்கலாமா?

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் என் மாமாவின் நண்பர் ஒருவர், வீட்டில் விமானம் கட்டுவதற்காக வான்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஆர்வி-7 விமானத்துக்கான வால் பகுதிப் பாகங்கள் அடங்கிய பெட்டியை வாங்கினார். பாதி ரிவெட் அடித்தபின் கைவிட்டுவிட்டார். இப்போது மிகக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். கப்பலில் கொழும்புக்கு எடுத்து, லொறியில் இங்கே கொண்டுவர நினைக்கிறேன். எங்கள் வளவில் பெரிய கொட்டில் இருக்கிறது. வாங்கலாமா? (வாசகர், கொக்குவில்)

பதில்: உங்கள் ஆசையைக் கேட்டுச் சிரிப்பவர்கள் இருப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்கா வரை ஓடிய மண் இது. ஆனாலும் இந்த வாலை, நீங்கள் சொல்லும் நிலையில், வாங்க வேண்டாம் என்பதே என் முடிவு.

காரணம் அந்த ரிவெட்டில் இருக்கிறது. தகடுகளைச் சேர்த்துப் பூட்டும் இந்த ஆணிக்குத் தமிழில் தறையாணி என்று ஓர் அழகான சொல் உண்டு. அதன் ஒரு தலை தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டு வருகிறது. மறு தலையைக் கட்டுகிறவர்தான் தன் கொட்டிலில் அடித்து உருவாக்குகிறார். ஆகவே நீங்கள் காசு கொடுக்கப் போவது அலுமினியத்துக்கு மட்டுமல்ல, முன்பின் தெரியாத ஒருவரின் கைக்கும் சேர்த்துத்தான். அந்தக் கை எப்படிப்பட்டது என்று பார்க்க முடிந்தால் பேரம் பேசலாம். முடியாவிட்டால் விலகிவிடுங்கள்.

எப்படிப் பார்ப்பது? மாமாவிடம் ஒரு வேர்னியர் அளவுகோலைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். வெளித்தகடுகளில் பெரும்பாலும் 2.4 மில்லிமீற்றர் ரிவெட்தான் வரும். அடிபட்டு உருவான தலை, தண்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலமும் அரை மடங்கு உயரமும் இருக்கவேண்டும். அதாவது 3.6 மி.மீ. அகலம், 1.2 மி.மீ. உயரம். இதைவிடத் தட்டையாகப் பரந்து, ஓரம் வெடித்திருந்தால் அளவுக்கு மீறி அடித்திருக்கிறார். உயரமாக நின்றால் அடி போதவில்லை. ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தால் அடிக்கும்போது பின்னால் உலோகக் கட்டியைத் தாங்கிப் பிடித்தவரின் கை நேராக நிற்கவில்லை.

பிறகு வெளிப்பக்கம். கைபேசி வெளிச்சத்தைத் தகட்டோடு ஒட்டிக் கிடையாகப் பிடிக்கச் சொல்லுங்கள். நல்ல வேலையில் ஒளி ஒரே கோடாக ஓடும். மோசமான வேலையில் ஒவ்வொரு ரிவெட்டைச் சுற்றியும் தகடு குழிந்து, வரிசை முழுவதும் தைத்த மெத்தை போலத் தெரியும். தலைக்குப் பக்கத்தில் நகம் கீறியது போன்ற பிறை வடிவத் தழும்புகள் இருந்தால், அவை ரிவெட் அடிக்கும் காற்றுத் துப்பாக்கி வழுக்கிய இடங்கள். சுமார் அரை மில்லிமீற்றர் தகட்டில் அந்தத் தழும்பைச் சிறிய குறை என்று தள்ளிவிட முடியாது. வெடிப்பு தொடங்குவது அப்படிப்பட்ட இடத்தில்தான். சுக்கானின் பின் விளிம்பில் ஒரு நூலை இழுத்துப் பிடிக்கவும் சொல்லுங்கள். விளிம்பு வளைந்திருந்தால் திருத்துவது மிகக் கடினம்.

இவ்வளவும் கண்ணுக்குத் தெரியும் ரிவெட்டுகளுக்குத்தான். சுக்கானும், வாலில் மேலும் கீழும் அசையும் எலிவேட்டர் பாகமும் மூடி அடிக்கப்பட்டுவிட்டால், உள்ளே இருப்பதை அடித்தவர் மட்டுமே அறிவார். மூடிய பாகங்களுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். தொடாத பாகங்களுக்கும் ஆணிப் பைகளுக்கும் மட்டும் விலை பேசச் சொல்லுங்கள்.

பெட்டி எந்த ஆண்டு வந்தது என்பதையும் கட்டாயம் கேளுங்கள். 2022, 2023 காலத்தில் வான்ஸ் நிறுவனம் அனுப்பிய பாகங்களில் ஒரு பகுதிக்கு லேசரால் துளை வெட்டப்பட்டிருந்தது. ரிவெட் தலை தகட்டோடு சமமாக அமர்வதற்காகத் துளையைக் கிண்ணம் போல அமுக்கும்போது ஓரத்தில் வெடிப்பு விழுவதாகக் கட்டுகிறவர்கள் முறையிட்டார்கள். நிறுவனம் மாற்றுப் பாகங்கள் கொடுக்கவேண்டி வந்தது. 2023 டிசம்பரில் அது அமெரிக்க வங்குரோத்துச் சட்டத்தின் 11ஆம் அத்தியாயத்தில், கடன்காரரிடமிருந்து பாதுகாப்புக் கோரியது. முற்பணம் கட்டிக் காத்திருந்தவர்கள் கூடிய விலைக்குச் சம்மதிக்க நேர்ந்தது. நிறுவனம் இன்றும் இயங்குகிறது என்றாலும், நாளைக்கு இறக்கைப் பெட்டிக்கு ஓடர் கொடுக்கும்போது இதை மறக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கடிதம் போகவேண்டும். கட்டி முடித்த விமானத்தை இங்கே பதிவுசெய்ய இடமுண்டா, எந்த நிபந்தனையில், கட்டும்போதே யார் வந்து பார்க்கவேண்டும் என்று இலங்கை சிவில் விமான சேவைகள் அதிகார சபையிடம் எழுத்தில் கேளுங்கள். பதிலும் எழுத்தில் வேண்டும். அமெரிக்காவில் பெரும்பகுதியைப் பொழுதுபோக்குக்காகவோ கற்பதற்காகவோ தாமே கட்டியிருந்தால் ஒரு தனிப் பிரிவில் அனுமதி கிடைக்கும். அந்த விதி அந்த நாட்டுக்கு உரியது. பலாலிக்கு மேலே பறப்பதற்கு அதைக் காட்ட முடியாது.

கேள்வி: பெட்டியோடு வரும் ரிவெட் போதாமல் போனால், நம் ஹாட்வெயர் கடைகளில் விற்கும் பொப் ரிவெட்டைப் போடலாமா? (அதே வாசகர்)

பதில்: கூடாது. ஒன்றுகூடக் கூடாது. கடையில் கிடைப்பது கூரைத் தகரத்துக்கும் பெயர்ப்பலகைக்கும் உரியது. ஜெனித் போன்ற சில நிறுவனங்களின் விமானங்கள், பொப் ரிவெட்டைப் போல இழுத்து அடிக்கும் ரிவெட்டாலேயே கட்டப்படுகின்றன என்பது உண்மை. ஆனால் அவை அதற்கென்று வரும் ரிவெட்டுகள், விமானமும் அவற்றை வைத்தே வரையப்பட்டது.

உங்களுக்கு வேண்டியது ‘ஏடி’ என்ற எழுத்துகள் கொண்ட ரிவெட். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் தலையைப் பாருங்கள். நடுவில் ஊசி முனையால் குத்தியது போல ஒரு சிறு குழி தெரியும். அதுதான் 2117 என்ற அலுமினியக் கலப்புலோகத்தின் அடையாளம். குழி இல்லாமல் வழவழவென்று இருந்தால் அது மென்மையான வெறும் அலுமினியம். நான் தகட்டு வேலை பழகிய காலத்தில், ஒரு கடையில் வாங்கிய பையில் இரண்டும் கலந்து கிடந்தன. ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரிக்க ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. அன்றிலிருந்து தலையைப் பார்க்காமல் ஒரு ரிவெட்டையும் துளையில் வைத்ததில்லை. தேவைக்கு மேல் கால் பங்காவது கூடுதலாக முதலிலேயே மாமாவிடம் சொல்லி வாங்கிவிடுங்கள். கடிதப் பைக்குள் அடங்கும் பொருளுக்காகப் பிறகு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்.

கேள்வி: கருவிகளையும் கனடாவிலேயே வாங்கலாமா? காற்று உளி ஒன்று இங்கே மலிவாகக் கிடைக்கிறதே? (வாசகர், சுன்னாகம்)

பதில்: காற்று உளியும் ரிவெட் துப்பாக்கியும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். உள்ளே பொருத்தும் தண்டின் அளவுகூடப் பெரும்பாலும் ஒன்றுதான். வேறுபாடு விசையில் இருக்கிறது. உளி விரல் பட்டவுடன் முழு வேகத்தில் அடிக்கும். துப்பாக்கியில் விரலை மெல்ல அழுத்தினால் மெல்ல அடிக்கும், முதல் இரண்டு மூன்று அடியில் நிதானித்துப் பிறகு அழுத்தலாம். மெல்லிய வால் தகட்டுக்கு அந்த நிதானம்தான் தேவை. துப்பாக்கியையும், பின்னால் பிடிக்கும் டங்ஸ்டன் கட்டியையும், விளிம்பு ரிவெட்டுகளை நசுக்கும் கைக்கருவியையும் அங்கிருந்தே எடுப்பியுங்கள். பணத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

கொம்பிரசரை மட்டும் இங்கே வாங்குங்கள். கனடாவில் வீட்டுப் பாவனைக்கு விற்கும் பல 120 வோல்ற்றில் ஓடுபவை, நமக்கு 230. காற்றுக் குழாயில் நீர் வடிகட்டி ஒன்று கட்டாயம் பூட்டுங்கள். நம் கரையோரக் காற்றின் ஈரம் துப்பாக்கிக்குள் போனால் துருப்பிடிக்கும்.

வாலுக்கு முன் ஒரு பயிற்சிப் பெட்டி வாங்குங்கள். நிறுவனங்களே சிறிய விலைக்கு விற்கின்றன. வீட்டில் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் முன்னால் துப்பாக்கி பிடிக்க, மற்றவர் பின்னால் கட்டியை அழுத்திப் பிடித்து, “சரி”, “இன்னும் கொஞ்சம்”, “எடுத்துவிடு” என்று சொல்லவேண்டும். பிடிப்பவர் சொல்லும் வரை அடிக்கக் கூடாது. நாலு நாளில் சத்தத்தை வைத்தே ரிவெட் உட்கார்ந்ததைச் சொல்லிவிடுவீர்கள். காதுக்கு மூடி போடுங்கள், பக்கத்து வீட்டாருக்கும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கேள்வி: பயிற்சிக்கென்று நகரத்தில் ‘விமான அலுமினியம்’ என்று சொல்லி விற்ற தகட்டை வாங்கினேன். கையால் மடித்தாலே மடிந்துவிடுகிறது. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார். (வாசகர், மானிப்பாய்)

பதில்: உண்மையான தகட்டில் 2024-டி3 போன்ற கலப்புலோக இலக்கமும் தடிப்பும் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். உங்கள் தகட்டில் எதுவும் இல்லையென்றால் அதைப் படம் பிடித்து வையுங்கள். ஒன்றைச் சொல்லி வேறொன்றை விற்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் முறையிடக்கூடிய விடயம். பற்றுச்சீட்டில் ‘விமான அலுமினியம்’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே ‘தகடு’ என்றிருந்தால் சாட்சிக்கு யாரேனும் உடன் வந்தார்களா என்று யோசியுங்கள். அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து விவரம் கேட்கலாம், ஆனால் முறைப்பாடு எழுத்தில் போகவேண்டும். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.