சீலியாக் இல்லை என்று வந்தும் பாண் ஒத்துக்கொள்ளவில்லை, ஏன்?

கேள்வி: எனக்கு 34 வயது, திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். கோதுமை மாப் புட்டு, ரொட்டி, பாண் எது சாப்பிட்டாலும் வயிறு ஊதி, தலை பாரமாகி, அசதியாகக் கிடக்கிறது. இரண்டு மாதமாக மாவை விட்டுவிட்டேன், இப்போது பரவாயில்லை. போன கிழமை சீலியாக் இரத்தப் பரிசோதனை செய்தேன்; நோய் இல்லையாம். "எல்லாம் உன்ர மனப்பிரமை" என்கிறா மச்சாள். அப்படியா?

பதில்: மச்சாள் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். மாவை விட்டு இரண்டு மாதம் கழித்துத்தான் பரிசோதித்திருக்கிறீர்கள், அதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்தப் பரிசோதனை தேடுவது, சீலியாக் என்ற குடல் நோய் உள்ளவர்கள் குளுட்டன் என்ற கோதுமைப் புரதத்தைச் சாப்பிடும்போது உடலில் உண்டாகும் பிறபொருளெதிரிகளை. சாப்பாட்டில் குளுட்டன் இல்லையென்றால் அவை குறைந்துகொண்டே போகும். நோய் இருந்தாலும் 'இல்லை' என்று வரலாம். குறைந்தது 6 கிழமை, தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை உணவு சாப்பிட்ட பிறகு பார்த்தால்தான் அந்த முடிவை நம்பலாம். அவ்வளவு நாள் தாங்க முடியாதென்றால் மரபணுப் பரிசோதனை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். சீலியாக்குக்குரிய மரபணுக்கள் இல்லையென்றால் அந்த நோயை ஏறக்குறைய ஒதுக்கிவிடலாம். அதற்குச் சாப்பாட்டை மாற்ற வேண்டியதில்லை.

சரி, முறையாகப் பார்த்தும் சீலியாக் இல்லை, கோதுமை ஒவ்வாமையும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்கள் வயிற்று ஊதல் பொய்யாகிவிடாது. கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் இப்படிப்பட்ட 80 பேரின் இரத்தத்தைப் பார்த்தார்கள். குடற்சுவரின் கலங்கள் சேதமடைவதைக் காட்டும் புரதம் கூடியிருந்தது. குடலில் இருக்க வேண்டிய பக்டீரியாக்களின் துணுக்குகள் சுவரைத் தாண்டி வந்ததற்கும், நோய் எதிர்ப்புத் தொகுதி அவற்றோடு மல்லுக்கட்டியதற்கும் அடையாளங்கள் இருந்தன. அவர்களில் ஒரு பகுதியினர் 6 மாதம் கோதுமையை விட்டபோது இந்த அளவுகள் இறங்கின. சீலியாக்கில் உடல் தன் குடலையே தாக்குகிறது. இங்கே தெரிவது வேறு வகைக் கிளர்ச்சி. கோதுமையில் பூச்சிகளிடமிருந்து விதையைக் காக்கும் சில புரதங்கள் உண்டு. அவை உடலின் முதல்நிலைக் காவல் கலங்களை உசுப்பிவிடுவதையும் ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள். ஆனால் இந்தக் கோளாறை உறுதிசெய்ய எந்த இரத்தப் பரிசோதனையும் இன்னும் கிடையாது. நூறு உணவுகளுக்கு 'ஐஜிஜி' என்ற பிறபொருளெதிரியைப் பார்த்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் காசைக் கொட்டாதீர்கள்.

இன்னொரு சந்தேக ஆள், கோதுமையிலேயே உள்ள ஃப்ரக்டான் என்ற மாச்சத்து. நோர்வேயில் குளுட்டன் ஆகாது என்று நம்பிய 59 பேருக்கு, எதில் என்ன இருக்கிறதென்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்தபோது, குளுட்டனைவிட ஃப்ரக்டானே வயிற்றை அதிகம் ஊதவைத்தது. 2018இல் வெளிவந்த ஆய்வு இது. ஃப்ரக்டான் வெங்காயத்திலும் உள்ளியிலும் தாராளம். பாணோடு வெங்காயச் சம்பலும் உள்ளி போட்ட பருப்பும் சாப்பிட்டுவிட்டுப் பாணை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

ஆகவே சீலியாக் சந்தேகம் தீர்ந்த பிறகு இப்படிச் செய்து பாருங்கள். வெங்காயம், உள்ளி வழமைபோல இருக்கட்டும், கோதுமையை மட்டும் 6 கிழமை நிறுத்துங்கள். பிறகு மச்சாளிடமே பொறுப்பைக் கொடுங்கள்: ஒரு கிழமை தனிக் குரக்கன் புட்டு, இன்னொரு கிழமை கோதுமை மா கலந்த குரக்கன் புட்டு, எது எப்போது என்று உங்களுக்குச் சொல்லக்கூடாது. குரக்கனின் கறுப்பில் கலப்பு அவ்வளவாகத் தெரியாது. தினமும் வயிற்று ஊதலுக்கும் அசதிக்கும் பத்துக்கு எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கொப்பியைப் பார்த்தால் மச்சாளும் நீங்களும் வாதாட வேண்டியதில்லை.

சீனக்குடாவில் மா ஆலையை வைத்துக்கொண்டு, இங்கே கோதுமை இல்லாமல் சமைப்பது லேசல்ல. மாவை அவித்துவிட்டால் குளுட்டன் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள், போகாது. ரவையும் சேமியாவும் கோதுமைதான். கடைத் தோசையிலும் இடியப்பத்திலும் கோதுமை மா கலந்திருக்கலாம், கேட்டு வாங்குங்கள். பெருங்காயத் தூளிலும் பெரும்பாலும் கோதுமை மா உண்டு.

மெலிவு, இரத்தசோகை, மலத்தில் இரத்தம், நித்திரையைக் குழப்பும் வயிற்றோட்டம் இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வீட்டுச் சோதனையெல்லாம் வேண்டாம், வைத்தியரைப் பாருங்கள். சாப்பிட்ட சிறிது நேரத்தில் உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ அது ஒவ்வாமை; உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.