தீக்காயம்: ஸ்டெம் செல் ஊசியா, தோல் ஒட்டா?

கேள்வி: அம்மாவின் புறங்கையில் கொதிக்கிற எண்ணெய் கொட்டி 15 நாள் ஆகிறது. அரசு மருத்துவமனையில் தொடைத் தோலை எடுத்து ஒட்ட வேண்டும் என்கிறார்கள். ஒரு தனியார் கிளினிக்கிலோ பி.ஆர்.பி.யும் ஸ்டெம் செல்லும் போட்டால் ஆபரேஷனே வேண்டாமாம். எதை நம்புவது?

பதில்: ஒட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள். காயம் எவ்வளவு ஆழம் என்பதுதான் இங்கே முதல் கேள்வி. மேலாக வெந்திருந்தால், முடியின் வேர்ப்பகுதிகளில் தப்பிய செல்கள் பெருகி இரண்டு வாரத்தில் தானாகவே மூடிவிடும் (ஊசி போட்டதால் ஆறியது என்று கிளினிக்குகள் பெயர் வாங்கிக்கொள்வது பெரும்பாலும் இந்தக் காயங்களில்தான்). ஆழமாக வெந்த இடத்தில் அந்தச் செல்களே மிஞ்சியிருக்காது, மூன்று வாரம் தாண்டியும் மூடாவிட்டால் தழும்பு தடித்து விரல்களை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் அபாயம் அதிகம்.

பி.ஆர்.பி. என்பது நோயாளியின் ரத்தத்தையே சுழற்றிப் பிரித்தெடுத்த தட்டணுக்கள். இருக்கிற செல்லைத் தூண்டலாம், இல்லாத தோலை உண்டாக்காது. ஸ்டெம் செல்லா, அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்லா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்படி தீக்காயத்துக்கு அது ஆராய்ச்சி மட்டுமே. பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

உண்மையிலேயே தேறிய புதிய முறைகளும் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தீக்காய சர்ஜன் ஃபியோனா வுட்டின் குழு உருவாக்கிய ஸ்பிரே தோல் (நோயாளியின் தோல் செல்களையே காயத்தில் தெளிப்பது), 2002-ல் இந்தோனேசியாவின் பாலி குண்டுவெடிப்பில் வெந்தவர்களுக்குப் பயன்பட்டது; அதிலிருந்து வந்த ரீசெல் கருவிக்கு 2018-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி கிடைத்தது. 1 சதுர செ.மீ. தோலிலிருந்து 80 சதுர செ.மீ. வரை தெளிக்கலாம், ஆனால் முழு ஆழத்துக்கு வெந்த இடத்தில் வலைபோல் விரித்த ஒட்டுத்தோலோடு சேர்த்துத்தான் அதைப் போடுகிறார்கள். ஆய்வகத்தில் வளர்த்த தோலுக்கு இரண்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும், வந்தாலும் மெலிசு, லேசில் கொப்புளிக்கும்; உடம்பில் பாதி வெந்து, எடுக்க வேறு தோலே இல்லாதவருக்கு அது உயிர் காக்கும். மாட்டுக் கொலாஜனில் செய்த இன்டெக்ரா, அடித்தோல் பற்றி வளர, கட்டடத்துக்குக் கட்டும் சாரம் மாதிரி. மூன்று வாரம் கழித்து அதன் மேலும் மெல்லிய தோலை ஒட்டத்தான் வேண்டும்.

அம்மாவுக்கு வெந்தது ஒரு புறங்கை அளவு. அதற்குப் போதுமான தோல் தொடையில் இருக்கிறது, எடுத்த இடமும் சுமார் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். வலைபோல் விரிக்காமல் முழுத் துண்டாக ஒட்ட முடியுமா என்று சர்ஜனிடம் கேளுங்கள், கைக்கு அதுதான் பார்க்கவும் மடக்கவும் நல்லது. சர்க்கரை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம், தோல் பிடித்ததும் விரல் பயிற்சியும், சில மாதங்களுக்கு அழுத்தக் கையுறையும். கையுறை கசகசவென்று இருக்கும், கழற்றி வைக்கப் பார்ப்பார், விடாதீர்கள்.