வாசகர் கேள்வி பதில்: போரிஸ் கார்லாஃப்

சென்ற இதழில் பழைய பேய்ப்படங்களைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, போரிஸ் கார்லாஃப் என்ற நடிகரின் பெயரை ஒற்றை வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அவரைப் பற்றியே விசாரித்ததால், இந்த மாதப் பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

எங்கள் ஐயா ரங்கூனில் கடை வைத்திருந்த காலத்தில் ஓர் ஆங்கிலப் படம் பார்த்துவிட்டு மூன்று நாள் தூங்கவில்லை என்று சொல்வார். தட்டைத் தலையும் கழுத்தில் ஆணியும் உள்ள பூதம் என்பார். அந்தப் பூதத்தின் பெயர்தான் ஃபிராங்கன்ஸ்டைனா?
— வாசகர், தேவகோட்டை

உங்கள் ஐயா பார்த்தது 1931ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான 'ஃபிராங்கன்ஸ்டைன்' படமாகவோ அதன் தொடர்ச்சிகளில் ஒன்றாகவோதான் இருக்க வேண்டும். ஃபிராங்கன்ஸ்டைன் என்பது பிணங்களின் உறுப்புகளைத் தைத்து உயிர் கொடுக்கும் விஞ்ஞானியின் பெயர். அவன் படைத்த உருவத்துக்கு, 1818இல் மேரி ஷெல்லி எழுதிய மூல நாவலிலேயே பெயர் கிடையாது. பெற்றவனே பெயர் வைக்காத பிள்ளை என்பதால் ஊரார் தகப்பன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கழுத்தில் இருப்பவை ஆணிகளும் அல்ல. மின்சாரம் பாய்ச்சுவதற்கான முனைகள் என்பதே ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸின் கற்பனை. பஞ்சையும் பசையையும் அடுக்கடுக்காக ஒட்டி நெற்றியை உயர்த்தி, கறுப்பு வெள்ளைப் படத்தில் பிணத்தின் நிறம் தெரிவதற்காக முகத்தில் பச்சை கலந்த பூச்சைப் பூசி முடிக்க நாள்தோறும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் பிடித்தது. கைகள் நீளமாகத் தெரியட்டும் என்று கோட்டின் கையைக் குட்டையாக வெட்டினார்கள். காலில் மாட்டியவை தார்ச்சாலை போடும் தொழிலாளர்கள் அணியும் கனத்த பூட்ஸ். கார்லாஃப் தம் பங்குக்குக் கட்டுப்பல்லைக் கழற்றிவிட்டு ஒரு பக்கக் கன்னத்தைக் குழி விழச் செய்தார். தம் கண்களில் உயிர்க்களை கூடுதலாக இருக்கிறது என்று அவரே குறை சொன்ன பிறகு, பியர்ஸ் இமைகளின் மேல் மெழுகு வைத்து அவற்றைப் பாதி மூட வைத்தார். அந்தப் பாதி மூடிய இமைதான் உங்கள் ஐயாவின் தூக்கத்தைக் கெடுத்திருக்கும் என்பது என் ஊகம்.

பெயரைப் பார்த்தால் ரஷ்யர் போலிருக்கிறது. ஆனால் அவருக்கு இந்தியாவோடு உறவு உண்டு என்று எங்கோ படித்தேன். எது சரி?
— வாசகி, கண்டனூர்

ரஷ்யா ஒட்டவைத்த பெயர். இந்தியா உண்மையான உறவு. அவருடைய இயற்பெயர் வில்லியம் ஹென்றி பிராட். 1887 நவம்பர் 23 அன்று லண்டனில், ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். தந்தை எட்வர்டு பிராட், பிரிட்டிஷ் இந்திய அரசின் உப்பு வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். (வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க ராஜாஜி நடந்த மறு ஆண்டில், அதே துறை அதிகாரியின் மகன் பூதமாகத் திரைக்கு வந்தார் என்பதை எண்ணினால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வருகிறது.) தாய்வழிப் பாட்டியின் உடன்பிறந்த சகோதரி, சயாம் அரசர் மோங்குட்டின் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க 1862இல் பாங்காக் சென்ற அன்னா லியோனவென்ஸ். தாம் வேல்ஸில் பிறந்ததாக அந்த அம்மையார் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டாலும், பிறந்தது மகாராஷ்டிரத்தின் அகமத்நகரில்தான் என்பதைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்தக் குடும்பத்தில் இந்திய இரத்தம் கலந்திருந்தது என்பதே அவர்களுடைய கருத்து. ஆரம்ப காலத்தில் அரபியர், இந்தியர், சீனர் என்று வேற்று நாட்டு வேடங்களாகவே கார்லாஃபுக்குக் கிடைத்ததற்கு அவருடைய மாநிறம் ஒரு காரணம்.

அண்ணன்மார்கள் அரசுப் பணிக்குப் போனவர்கள். ஒருவர் சீனாவில் தூதரக அதிகாரியாக இருந்து சர் பட்டம் பெற்றவர். தம்பியும் அந்த வழியில் வர வேண்டும் என்று குடும்பம் எதிர்பார்த்தது. நம் பக்கத்தில் பெட்டியடிப் பையனாகக் கப்பலேற வேண்டிய வயதில் ஒருவன் நாடகக் கம்பெனியோடு ஓடிப்போனால் வளவில் என்ன பேச்சு நடக்கும் என்று நமக்குத் தெரியும். அவர் 1909இல், 21 வயதில், கனடாவுக்குக் கப்பலேறினார்; பண்ணைக் கூலியாகத் தொடங்கி, ஊர் ஊராகச் சுற்றும் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தார். குடும்பப் பெயர் மேடை விளம்பரத்தில் வந்தால் அண்ணன்மார்களுக்குச் சங்கடம் என்ற எண்ணமும் பெயர் மாற்றத்தில் இருந்தது. கார்லாஃப் என்பது தாய்வழியில் வந்த பெயர் என்று அவர் சொல்லிவந்தார். மகள் தேடிப் பார்த்தும் அதற்குச் சான்று கிடைக்கவில்லை. புகழ் பெற்று 1933இல் இங்கிலாந்துக்குத் திரும்பியபோது, அண்ணன்மார்கள் என்ன சொல்வார்களோ என்று பயந்துகொண்டே இருந்தார். பத்திரிகைக்காரர்கள் படம் கேட்டபோதோ, அவர்கள் மகிழ்ச்சியாக வந்து அவரோடு நின்றுகொண்டார்கள்.

கனடாவுக்கும் அந்தப் புகழுக்கும் இடையில் 22 ஆண்டுகள் ஓடின. ஹாலிவுட்டில் ஏறத்தாழ எண்பது படங்களில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றார். வாய்ப்பு இல்லாத மாதங்களில் லாரி ஓட்டினார். யுனிவர்சல் ஸ்டுடியோவின் உணவுக்கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரை இயக்குநர் ஜேம்ஸ் வேல் கவனித்து அழைத்தபோது அவருக்கு வயது 43. படத்தின் தொடக்க எழுத்துகளில் பூதமாக நடித்தவரின் பெயருக்குப் பதில் ஒரு கேள்விக்குறியைத்தான் போட்டார்கள்.

இன்றைக்கு என் பேரப்பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். வேடத்தைத் தவிர அதில் நடிப்பு என்று என்ன இருக்கிறது?
— வாசகர், கானாடுகாத்தான்

சிரிக்கட்டும். ஆனால் எதில் சிரிக்கிறார்கள் என்று கவனியுங்கள்: ஆய்வகத்தின் மின்னல் பொறியிலும் ஊர்மக்களின் கூச்சலிலுமாக இருக்கும். கார்லாஃப் திரையில் இருக்கும்போது அவர்கள் அமைதியாகிவிடுவார்கள் என்று பந்தயம் கட்டத் தயார்.

எண்பதுகளில் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு முந்தின இரவு, வாடகை டெக்கோடு வந்த கேசட்டுகளில் இந்தப் படமும் எப்படியோ கலந்து வந்துவிட்டது. வளவில் பாய் விரித்துப் படுத்திருந்த பிள்ளைகள் போர்வைக்குள் புகுந்துகொண்டோம். தூணில் சாய்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தாவுக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. இருட்டறையில் அடைத்து வைத்த அந்த உருவத்தின் முன்னால் விஞ்ஞானி மேற்கூரையைத் திறக்கிறான். பிறந்ததிலிருந்து வெளிச்சத்தையே பார்த்திராத அது மெல்ல முகத்தை உயர்த்தி, இரண்டு கைகளையும் மேலே நீட்டி, வெளிச்சத்தைப் பிடிக்கப் பார்க்கிறது. உடனே கூரை மூடப்படுகிறது. கைகள் கீழே இறங்கி, கேட்பதுபோல விரிந்தபடி அப்படியே நிற்கின்றன. உலக்கையை நிறுத்திவிட்டு அப்பத்தா சொன்னார்: "பாவம்டா அது. பச்சப்புள்ள மாதிரியில்ல கேக்குது."

படம் முழுவதும் ஒரு வசனம்கூட இல்லாத வேடத்தில் கார்லாஃப் செய்தது இதைத்தான். ஏரிக்கரைக் காட்சியையும் பாருங்கள். பயப்படாத ஒரே ஆளான ஒரு சிறுமி அவனுக்குப் பூக்களைக் கொடுத்து, தண்ணீரில் மிதக்கவிடச் சொல்லித்தருகிறாள். பூக்கள் தீர்ந்ததும் அவளும் மிதப்பாள் என்று நம்பி அவளைத் தூக்கி ஏரியில் போட்டுவிடுகிறான். அவள் மூழ்கியதும் பதறிப்போய்த் தண்ணீரைத் துழாவுகிறான். இது கொடூரம் என்று கருதியவர்கள், அவன் கைகள் சிறுமியை நோக்கி நீளும் இடத்தோடு காட்சியை வெட்டிவிட்டார்கள். விளைவு என்ன? அடுத்து நாம் பார்ப்பது, மகளின் உடலைத் தூக்கிக்கொண்டு ஊர் நடுவே வரும் தகப்பனை. இடையில் என்ன நடந்தது என்பதைப் பார்ப்பவர்களின் கற்பனைக்கு விட்டதால், வெட்டாத காட்சியைவிடப் பல மடங்கு கொடூரமானதை அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். வெட்டப்பட்ட பகுதி அரை நூற்றாண்டு கழித்து, எண்பதுகளில்தான் படத்தில் மீண்டும் சேர்ந்தது.

1935இல் வந்த அடுத்த படத்தில் பூதத்தைப் பேச வைத்தது கார்லாஃபுக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அந்தப் படமும் பிடிக்கும் என்பதால் இந்த ஒன்றில் அவரோடு உடன்படவில்லை. 1939இல் மூன்றாவது முறை நடித்ததோடு, இனி அந்தப் பாத்திரத்தில் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று திரைப்படங்களில் அந்த வேடத்தை விட்டுவிட்டார்.

டிராகுலாவாக நடித்த பெலா லுகோசி பெரிய நடிகரா, கார்லாஃபா?
— வாசகர், காரைக்குடி

கார்லாஃப். பூதத்தின் வேடம் முதலில் லுகோசிக்குத்தான் பேசப்பட்டது. வசனமில்லாத வேடம் அவருக்கு உவப்பாக இல்லை. லுகோசியின் கண்ணும் குரலும் எந்தப் படத்திலும் டிராகுலாவாகவே நின்றுவிட்டன. இருவரும் சேர்ந்து நடித்தவற்றில் 1934இல் வந்த 'தி பிளாக் கேட்' லுகோசிக்காகவும் பார்க்க வேண்டிய படம்.

பயமுறுத்தும் நடிகர் வீட்டில் எப்படி இருந்தார்?
— பள்ளி மாணவி, கொத்தமங்கலம்

திரையில் கையைப் பிசைந்துகொண்டு சதி செய்த நம்பியார் சபரிமலைக்குப் பலரை அழைத்துச் சென்ற குருசாமியாக இருந்தார் அல்லவா? ஏறக்குறைய அதே கதைதான். மென்மையாகப் பேசுவார், பேச்சில் சற்றே நாக்குழறல் உண்டு. தோட்ட வேலையும் கிரிக்கெட்டும் அவருக்கு உயிர். ஹாலிவுட் கிரிக்கெட் கிளப்பில் விளையாடியவர். சிறுவர்களுக்கான கதைகளை இசைத்தட்டுகளில் வாசித்தார். 1966இல் கிறிஸ்துமஸைத் திருடும் கிரிஞ்ச் பற்றிய கார்ட்டூனுக்குக் கதை சொன்னது அவர் குரல்தான். அதன் இசைத்தட்டுக்கு கிராமி விருதும் கிடைத்தது. மகள் சாரா பிறந்தது அவருடைய 51ஆம் பிறந்தநாள் அன்று.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். கனத்த வேடத்தோடு நாள் முழுக்க நிற்க வைத்த அந்தப் படப்பிடிப்புகளில் அவருடைய முதுகு பழுதானது. நடிகர்களின் வேலை நேரத்துக்கு வரம்பு வேண்டும் என்று 1933இல் நடிகர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அவருடைய உறுப்பினர் எண் 9.

கடைசிக் காலத்தில் அவருக்கு வாய்ப்பு இருந்ததா?
— வாசகர், புதுவயல்

இருந்தது, எண்பது வயதிலும் வேலை செய்துகொண்டிருந்தார். நுரையீரல் நோயால் மூச்சு வாங்கும். காலுக்குத் தாங்கி மாட்டியிருந்தார். தயாரிப்பாளர் ரோஜர் கோர்மனுக்கு அவர் இரண்டு நாள் வேலை பாக்கி தர வேண்டியிருந்தது. அந்த இரண்டு நாளை வைத்து ஒரு படம் எடுத்துக்கொள் என்று கோர்மன் பீட்டர் பொக்டனோவிச் என்ற இளைஞரிடம் சொன்னார். அதுவே 1968இல் 'டார்கெட்ஸ்' என்று வெளிவந்தது. சாலையில் முகம் தெரியாதவர்களைச் சுட்டுத் தள்ளும் மனிதர்கள் உள்ள காலத்தில் தம்முடைய பேய்களுக்கு யார் பயப்படுவார்கள் என்று அலுத்துப்போன ஒரு முதிய நடிகராக, ஏறத்தாழ தாமாகவே, கார்லாஃப் வருகிறார். திறந்தவெளித் திரையரங்கில் துப்பாக்கிக்காரனை நோக்கி அவர் நடக்கும்போது, திரையிலும் அவருடைய உருவம் நடந்து வருகிறது. எதைச் சுடுவது என்று தெரியாமல் அவன் தடுமாறுகிறான்.

நான் அடிக்கடி திரும்பிப் பார்ப்பது அதே படத்தில் வேறொரு காட்சி. பாக்தாத் கடைத்தெருவில் மரணத்தை நேருக்கு நேர் கண்ட வேலைக்காரன், எசமானரின் குதிரையை வாங்கிக்கொண்டு சமாராவுக்குத் தப்பி ஓடுகிறான். அவனை ஏன் மிரட்டினாய் என்று எசமானர் கேட்க, மிரட்டவில்லை, இன்றிரவு சமாராவில் சந்திக்க வேண்டியவனை இங்கே கண்டு வியந்தேன் என்கிறது மரணம். இந்தக் கதையைக் கார்லாஃப் நாற்காலியில் அமர்ந்தபடி, கேமரா மெல்ல நெருங்கி வர, வெட்டே இல்லாமல் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். 1969 பிப்ரவரி 2 அன்று இங்கிலாந்தில் காலமாவதற்கு ஓராண்டுக்குச் சற்று முன்னால் எடுத்த காட்சி அது. முடிந்ததும் விளக்குப் பிடித்தவர்கள் உட்படப் படப்பிடிப்புக் குழுவே கைதட்டியது.